கண்டெடுத்த நாய்க்கு ‘என் நாய்’ என்று ஆள் வந்தால் என்ன செய்வது?

2025 தீபாவளிக்கு மறுநாள் காலை, எங்கள் தெருமுனையில் நிறுத்தியிருந்த லோடு ஆட்டோவுக்கு அடியில் ஒரு நாய் ஒடுங்கிக் கிடந்தது. வெளிர் பழுப்பு நிறம், ஒட்டிய வயிறு, நீண்ட முகம். சிப்பிப்பாறைக் கலப்பு போல இருந்தது. கழுத்தில் பட்டை இல்லை, ஆனால் பட்டை இருந்த இடத்தில் முடி தேய்ந்து ஒரு வளையம் தெரிந்தது. வெடிச் சத்தத்துக்கு மிரண்டு எந்த வீட்டிலிருந்தோ ஓடி வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

பதினோராம் நாள் ஒருவர் வந்து அது தன் நாய் என்றார். பதினாறாம் நாள் ஒரு குடும்பம் வந்து அதையே சொன்னது. முதலில் வந்தவர் என்மேல் போலீஸில் புகார் கொடுத்தார். மொத்தம் 53 நாள் நாய் எங்கள் வீட்டில் இருந்தது. அந்த அலைச்சலில் பாதி, முதல் இரண்டு நாளில் நான் விவரம் தெரியாமல் செய்த காரியங்களால் வந்தது. உங்களுக்கு அது வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சென்னையை வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற ஊர்களில் அலுவலகங்கள் மாறும், சட்டம் ஒன்றுதான். நான் வக்கீல் இல்லை. விஷயம் கோர்ட்டு வரை போனால் வக்கீல் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

1. வீட்டுக்குள் கொண்டுவரும் முன்பே படம் எடுங்கள்

நாய் கிடந்த இடத்திலேயே, கிடந்த நிலையிலேயே போனில் வீடியோ எடுங்கள். பின்னால் ஒரு கடையின் பெயர்ப்பலகையோ தெருப்பெயரோ தெரிந்தால் நல்லது. பிறகு இரண்டு பக்கமும், முகம், காதுகள், வால் நுனி, கால் நகங்கள், வயிற்றுப் பக்கம் என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். கழுத்தில் பட்டைத் தடம் இருந்தால் அதைக் கிட்டப் பிடித்து எடுங்கள். தேதி, மணி, யார் கூட இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்களுக்குப் பெரிய துணையாக இருந்தவர் தெருமுனையில் அயர்ன் வண்டி போட்டிருப்பவர். முந்தின இரவு பத்து மணிக்கு அந்த இடத்தில் நாய் எதுவும் இல்லை என்று அவர் எழுதியே கொடுத்தார்.

பயந்த நாய் கடிக்கும். துண்டு ஒன்றைப் போர்த்தித் தூக்குங்கள். கடித்தாலோ நகம் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அங்கே இலவசம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவே கூடாது.

2. ஒரு அடையாளத்தை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்

நான் செய்த முதல் தவறு இது. நாக்கில் இருந்த கறுப்புத் திட்டு, இடது காது ஓரத்தில் பழைய கிழிசல், எல்லாவற்றையும் படமெடுத்து அன்று மதியமே வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டேன். முதலில் வந்தவர் வாசலில் நின்றபடியே, “நாக்குல கறுப்பு இருக்கும் சார், இடது காது கிழிஞ்சிருக்கும்” என்றார். அது அவருக்குத் தெரிந்த அடையாளமா, என் படத்தைப் பார்த்துச் சொன்னதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

நல்ல வேளையாக ஒன்று மிஞ்சியிருந்தது. வலது தொடையின் உட்புறம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்பு மச்சம். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்க்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. கடைசியில் அந்த மச்சம்தான் பெரிய சான்றாக நின்றது.

வெளியே போடும் படம் ஒன்றே ஒன்றாக, முகமும் ஒரு பக்க உடம்பும் தெரிவதாக இருக்கட்டும். ஆணா பெண்ணா என்பதைக்கூடச் சொல்ல வேண்டாம். வருகிறவர் சொல்லட்டும்.

3. டாக்டரிடம் போங்கள், சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

24 மணி நேரத்துக்குள் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை, திரு.வி.க. நகர் பகுதிகளில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் தனியார் கிளினிக்கும் போதும்.

முதலில் கேட்க வேண்டியது மைக்ரோசிப் ஸ்கேன். அரிசி மணி அளவுள்ள சிப் பொதுவாக இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், தோலுக்கு அடியில் இருக்கும். நாள்பட நகர்ந்து முன்னங்கால் பக்கம் இறங்கியிருக்கலாம். அதனால் முதுகில் ஒரு தடவை காட்டிவிட்டு நிறுத்தாமல் கழுத்து, தோள், மார்பு, முழங்கை வரை மெதுவாக ஸ்கேனரை ஓட்டச் சொல்லுங்கள். சிப் இருந்தால் 15 இலக்க எண் வரும். எண் மட்டும்தான் வரும், பெயரும் முகவரியும் வராது. அந்த எண்ணை மாநகராட்சி உரிமப் பதிவோடும், ஜாதி நாயாக இருந்தால் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பதிவோடும் ஒப்பிட்டுத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். சிப் இல்லாவிட்டால், இல்லை என்பதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது தவறு இங்கே நடந்தது. கவுன்டரில் இருந்த பெண் வழக்கம்போல ஒரு புதுத் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்து, உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, நாய்க்குப் பெயர் கேட்டார். என் மகள் சொன்ன பெயரை எழுதிக்கொண்டார். நான் கவனிக்கவே இல்லை. பின்னால் ஸ்டேஷனில் அந்தப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, “கிடைச்ச மறுநாளே தன் பேர்ல எழுதிக்கிட்டார் பாருங்க” என்று முதலில் வந்தவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை.

நீங்கள் சொல்லவேண்டியது இதுதான்: “இது கண்டெடுத்த நாய். உரிமையாளர் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். கொண்டுவந்தவர் என்று மட்டும் என் பெயரைப் போடுங்கள்.” எடை, பல்லை வைத்துக் கணித்த வயது, பாலினம், கருத்தடை ஆகியிருக்கிறதா, தழும்புகள், எல்லாம் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். டாக்டரின் பதிவு எண்ணோடு முத்திரையும் வேண்டும்.

வெறிநாய்த் தடுப்பூசி போடலாம். ஏற்கெனவே போட்டிருந்தாலும் இன்னொரு முறை போடுவதில் பெரிய கெடுதல் இல்லை. எங்கள் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் இருந்ததால் அது தணிந்த பிறகே டாக்டர் ஊசி போட்டார். கருத்தடை ஆபரேஷன் மட்டும் வேண்டாம், உயிருக்கு அவசரம் என்றால் தவிர. உரிமையாளர் பிறகு வந்து நின்றால், திருப்பித் தர முடியாத ஒன்றை அவரைக் கேட்காமல் செய்தவராகிவிடுவீர்கள்.

4. தேடியதற்கு அத்தாட்சி சேருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. பலர் இதை ஒரு மரியாதைக்காகச் செய்வதாக நினைக்கிறார்கள். இல்லை, உங்களைக் காப்பாற்றப்போவதே இதுதான்.

சட்டத்தின் கண்ணில் நாய் அசையும் சொத்து. கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஆனால் அப்படித்தான். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71வது பிரிவுப்படி, அடுத்தவர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைப்பவர், அதை ஒப்படைக்கப்பட்ட பொருள் மாதிரிக் காக்க வேண்டும். 2023 பாரதிய நியாய சன்ஹிதாவின் 314வது பிரிவு, அடுத்தவர் பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொள்வதைப் பற்றியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 403. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. அதே பிரிவின் விளக்கத்தில், பாதுகாக்கவும் திருப்பித் தரவும் எடுத்து வைத்தவர் குற்றவாளி இல்லை என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் உரிமையாளரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமலோ, தேடிவிட்டு நியாயமான காலம் காத்திருக்காமலோ தனதாக்கிக்கொண்டால் குற்றம்.

எத்தனை நாள் என்று சட்டம் எண் சொல்லவில்லை. நான் 30 நாள் என்று வைத்துக்கொண்டேன். அதற்குக் குறைக்காதீர்கள். செய்ய வேண்டியவை:

கண்டெடுத்த மறுநாளே உங்கள் எல்லைக்குட்பட்ட ஸ்டேஷனில் ஒரு பக்கத் தகவல் மனு கொடுங்கள். புகார் இல்லை, தகவல்தான். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மனு ரசீதாக சி.எஸ்.ஆர். கொடுத்தால் இன்னும் நல்லது, அதற்குக் கட்டணம் கிடையாது. மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிண்டி வேளச்சேரி பக்கம் இருக்கும் புளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்புகளில் காணாமல் போன நாய் என்று யாராவது சொல்லி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நாய் கிடைத்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் நோட்டீஸ் ஒட்டுங்கள். டீக்கடை, மருந்துக்கடை, நாய்த் தீவனம் விற்கும் கடை, கால்நடை கிளினிக், இந்த நான்கையும் விடாதீர்கள். ஒட்டிய ஒவ்வொரு இடத்தையும் படமெடுத்து வையுங்கள். பதினைந்து நாள் கழித்து மறுபடி ஒட்டுங்கள், மழையில் கிழிந்திருக்கும். எனக்கு நோட்டீஸ் அடிக்க 200 ரூபாய்க்குள்தான் ஆனது. அந்தக் குடும்பம் எங்களைக் கண்டுபிடித்தது தண்ணீர் கேன் கடைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துத்தான், வாட்ஸ்அப் வழியாக இல்லை.

இந்த 30 நாளுக்குள் மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்தை உங்கள் பெயரில் எடுக்காதீர்கள். உரிமக் கட்டணம் வெறும் 50 ரூபாய்தான், ஆன்லைனிலேயே எடுக்கலாம். 2025ல் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்ததால், பயந்துபோய் உடனே எடுத்துவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஸ்டேஷனில் முத்திரை வாங்கிய மனுவின் நகலோடு, ‘கண்டெடுத்த நாய், உரிமையாளரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்று மண்டல அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். தேடும் காலம் முடிந்து யாரும் வரவில்லை என்றால் பிறகு உரிமம் எடுக்கலாம்.

5. ஆள் வந்ததும் கொடுத்துவிடாதீர்கள், மறுத்தும் பேசாதீர்கள்

“பார்க்கலாம் வாங்க, உங்க கிட்ட இருக்கிற ரிக்கார்டு எல்லாம் எடுத்துட்டு வாங்க” என்று சொல்லுங்கள். “உங்க நாய் இல்ல” என்றோ, “தர மாட்டேன்” என்றோ வாய்விட்டுச் சொல்லாதீர்கள். நான் கோபத்தில் “தர மாட்டேன்” என்று சொன்னதை அவர் போனில் பதிவு செய்து வைத்திருந்தார்.

சந்திப்பை வீட்டில் வைக்க வேண்டாம். கிளினிக்கில் வையுங்கள், பொதுவான ஆள் ஒருவர் இருப்பார். நாயைக் காட்டும் முன்பு, எப்போது எங்கே காணாமல் போனது, ஆணா பெண்ணா, வயது, எந்த டாக்டரிடம் காட்டினார்கள், உடம்பில் என்ன அடையாளம் என்று ஒரு தாளில் எழுதி அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

கொண்டுவரும் ரிக்கார்டுகளில் எது கனமானது என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். சிப் எண் பொருந்தினால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. அடுத்து மாநகராட்சி உரிமம், நாயின் படம் இருந்தால். அதற்கு அடுத்து, குட்டியிலிருந்து எடுத்த படங்கள். படத்தைப் பார்த்தால் போதாது, அவர் போனிலேயே படத்தின் விவரத்தைத் திறந்து எடுத்த தேதியைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த தேதி தெரியாது. கென்னல் கிளப் சான்றிதழில் ஒரு சிக்கல் உண்டு. வளர்ப்பவரிடமிருந்து வாங்கும்போது பலர் பெயர் மாற்றுவதே இல்லை. அதனால் சான்றிதழில் வேறு பெயர் இருப்பதை மட்டும் வைத்துப் பொய் என்று முடிவு செய்யாதீர்கள்.

தடுப்பூசிப் புத்தகத்தைப் பலரும் பெரிதாக நம்புகிறார்கள். நம்பாதீர்கள், சரிபாருங்கள். முதலில் வந்தவர் கொண்டுவந்த புத்தகத்தில் ‘நாட்டு நாய், ஆண், பழுப்பு’ என்று சரியாகவே இருந்தது. மருந்துப் புட்டி ஸ்டிக்கர்களும் வரிசையாக இருந்தன. எங்கள் டாக்டர் அதைப் பொறுமையாகப் புரட்டினார். பிறந்த வருஷப்படி அந்த நாய்க்கு எட்டு வயது, கடைசியாகக் குறித்த எடை 26 கிலோ. மேசைமேல் நின்ற நாய் 17 கிலோ. டாக்டர் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். பால் வெள்ளையில், முனை தேயாத பற்கள். “இதுக்கு ரெண்டு வயசு தாண்டாதுங்க” என்றார். அவர் பொய் சொல்ல வந்தவர் இல்லை என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. முந்தின வருஷம் அவருடைய நாய் நிஜமாகவே தொலைந்திருக்கிறது. இதுவே அது என்று மனசார நம்பிவிட்டார். இப்படி வருகிறவர்களிடம் திருடனிடம் பேசுவது போலப் பேசிவிடாதீர்கள்.

நாய் யாரிடம் ஓடுகிறது என்று பார்ப்பதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டேஷனிலும் இதைத்தான் முதலில் செய்யச் சொன்னார்கள். எங்கள் நாய் பிஸ்கட் வைத்திருந்த எல்லோரிடமும் வாலை ஆட்டியது. இரண்டு மாதம் பிரிந்திருந்த நாய் பயத்தில் சொந்த வீட்டு ஆளிடமும் ஒதுங்கி நிற்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது காது திரும்புகிறதா, பழக்கிய சொல்லுக்கு உட்காருகிறதா என்பது துணைச் சான்றாக உதவும். அதை வீடியோ எடுங்கள், கையில் தின்பண்டம் இல்லாமல்.

அந்தக் குடும்பத்தில் வந்த அம்மா, நாங்கள் கேட்பதற்கு முன்பே, “வலது தொடைக்கு உள்ள ஒரு மச்சம் இருக்கும்ங்க, குட்டியா இருந்தப்ப சொறின்னு நெனச்சு டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினோம்” என்றார்கள். அந்த மச்சம் எந்த நோட்டீஸிலும் இல்லை, எந்தக் குழுவிலும் இல்லை.

டி.என்.ஏ. சோதனை பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2020ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் ஒரு லாப்ரடார் நாய்க்கு இரண்டு பேர் உரிமை கோரியபோது போலீஸார் மாதிரி எடுத்து ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஆனால் இந்தச் சோதனை நாய்க்கும் அதன் தாய் தந்தைக்கும் உள்ள உறவைத்தான் சொல்லும். ஒப்பிட தாயோ தந்தையோ கிடைக்க வேண்டும். தெருவில் எடுத்து வளர்த்த நாய்க்கு இது உதவாது.

6. செலவுக் கணக்கை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள்

ஒப்பந்தச் சட்டத்தின் 168வது பிரிவு பலருக்குத் தெரியாது. கண்டெடுத்தவர், தானாகச் செய்த செலவுக்காக உரிமையாளர்மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் அந்தச் செலவு கைக்கு வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். உரிமையாளர் இவ்வளவு சன்மானம் என்று அறிவித்திருந்தால், அதற்காக மட்டும் வழக்குப் போடலாம்.

என் கணக்கு: டாக்டர் கட்டணம் இரண்டு முறை 1,000, உண்ணிக் காய்ச்சல் ரத்தப் பரிசோதனை 1,300, 28 நாள் மாத்திரை உட்பட மருந்து 1,640, தடுப்பூசி 350. மருத்துவம் மட்டும் 4,290 ரூபாய். தீவனம் நாளுக்கு 50 வீதம் 2,650. நான் தீவனக் காசு கேட்கவில்லை. மருத்துவச் செலவை மட்டும் பில்லோடு காட்டினேன், அந்தக் குடும்பத்தார் முழுதாகக் கொடுத்தார்கள்.

பில் இல்லாத தொகையைச் சொல்லாதீர்கள். “இவ்வளவு கொடுத்தால்தான் நாய்” என்று மெசேஜ் அனுப்பாதீர்கள். மிரட்டிப் பணம் கேட்டார் என்று அதைத் திருப்புவது ரொம்பச் சுலபம். “இவை பில்கள், பார்த்துக்கொள்ளுங்கள்” என்பதோடு நிறுத்துங்கள். அவர்களால் முடியாது என்று உங்களுக்குத் தெரிந்தால் தவணையாக வாங்குங்கள், நாயைப் பிடித்து வைக்காதீர்கள்.

7. ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால்

போன் வரும், “ஒரு விசாரணை, வந்துட்டுப் போங்க” என்பார்கள். போங்கள், தனியாகப் போகாதீர்கள். எடுத்துப்போக வேண்டியவை: தகவல் மனுவின் முத்திரை பதித்த நகல், டாக்டர் சீட்டு, நோட்டீஸ் ஒட்டிய படங்கள், 1913 புகார் எண், சாட்சிகள் எழுதித் தந்தது, பில்கள், உங்கள் ஆதார் நகல். இரண்டு செட் நகல் எடுத்துப் போங்கள், ஒன்றை அங்கே கொடுத்துவிட்டு வரவேண்டியிருக்கும்.

நாயை முதல் நாளே கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கே கூட்டமும் சத்தமும் இருக்கும், மிரண்டு ஓடிவிட்டால் எல்லாமே போச்சு. கொண்டுவரச் சொன்னால் கிளினிக்கில் வைத்துப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேளுங்கள். எங்கள் எஸ்.ஐ. ஒத்துக்கொண்டார்.

தெரிந்துவைக்க வேண்டிய ஒரு விஷயம்: 314வது பிரிவு, போலீஸார் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் தாங்களாக விசாரிக்க முடியாத வகை. அதனால்தான் ஸ்டேஷனில் பெரும்பாலும் பேசிச் சமாதானம் செய்யவே பார்ப்பார்கள். எதிர்த்தரப்பு திருட்டு என்று சொல்லலாம். திருட்டு என்றால் ஒருவர் வசத்தில் இருக்கும் பொருளை அவர் சம்மதமில்லாமல் எடுப்பது. தெருவில் அநாதையாகக் கிடந்ததை எடுத்தீர்கள் என்று உங்கள் முதல் நாள் வீடியோ சொல்லும்.

“நாயை இங்க விட்டுட்டுப் போங்க” என்றால், நாய்க்கு மருந்து நடக்கிறது என்று டாக்டர் சீட்டைக் காட்டி, ‘விசாரணை முடியும் வரை என் செலவில் பராமரிக்கிறேன், கூப்பிடும்போது ஆஜர்படுத்துகிறேன், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்’ என்று எழுதிக் கொடுங்கள். அதன் நகலை வாங்குங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ரைட்டர் எழுதியதை வரி வரியாகப் படித்துவிட்டுப் போடுங்கள். நான் படித்தபோது ‘நாயை எடுத்துச் சென்ற’ என்று இருந்ததை, ‘கண்டெடுத்துப் பராமரித்து வரும்’ என்று மாற்றச் சொன்னேன். மாற்றிக் கொடுத்தார்கள்.

வழக்குப் பதிவாகி நாயைக் கைப்பற்றிவிட்டால், இடைக்காலப் பொறுப்புக்கு மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகள். இதற்கு வக்கீல் தேவை.

8. பேசித் தீரவில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு

சிவில் கோர்ட்டில் அசையும் பொருளை மீட்க வழக்குப் போடலாம். பொருள் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு நாயின் ஆயுசே பத்துப் பன்னிரண்டு வருஷம். வழக்கு முடியும்போது நாய் கிழடாகிவிடும்.

அதற்கு முன் 15100 என்ற இலவச எண்ணில் கூப்பிடுங்கள், அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்தால் கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நாங்கள் என் மனைவி பெயரில் மனுக் கொடுத்தோம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகி உத்தரவு வந்தால் அது சிவில் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது.

எங்களுக்கு மக்கள் நீதிமன்றம் வரை போகத் தேவைப்படவில்லை. முதல் உட்காரலிலேயே டாக்டர் எழுதிக் கொடுத்த வயதுச் சான்றையும் பழைய புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும், முதலில் வந்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் போனில் இருந்த அவர் நாயின் படத்தை எங்களிடம் காட்டினார். அச்சு அசல் இதே நிறம். புகாரைத் திரும்பப் பெறுவதாக அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

9. அது தெரு நாயாக இருந்தால்

காதில் ஒரு வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்து விடப்பட்ட தெரு நாய். 2023 விலங்கு இனக் கட்டுப்பாட்டு விதிகள், யாரும் உரிமை கோராத இப்படிப்பட்டவற்றைச் சமுதாய விலங்கு என்கின்றன. “நாலு வருஷமா நான்தான் சோறு போடறேன், நீங்க எப்படித் தூக்கிட்டுப் போகலாம்” என்று ஒருவர் வந்தால், சோறு போட்டதால் மட்டும் அவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். ஆனால் அந்த நாயின் உடம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. சண்டை போடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களே வளர்க்க விரும்பினால் மாநகராட்சிக்கு எழுதி முறையாகத் தத்தெடுங்கள். ஒரு தடவை எடுத்துக்கொண்டால் திரும்பத் தெருவில் விடக்கூடாது.

வேண்டுமென்றே தெருவில் இறக்கிவிட்டுப் போனவர் மனம் மாறித் திரும்பி வருவதும் உண்டு. பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11வது பிரிவில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்தான். அதனால் அபராதத்தை நம்பிப் பயனில்லை. கைவிட்டதற்கான சிசிடிவி பதிவைத்தான் பிடிக்க வேண்டும். பல கடைகளில் சில நாளிலேயே பழைய பதிவு அழிந்துவிடும், அதனால் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். கோர்ட்டில் அதைக் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். கடைக்காரரிடம் அதையும் சொல்லி வையுங்கள்.

10. ஒப்படைக்கும் நாள்

வாயால் முடிக்காதீர்கள். வெள்ளைத் தாளில் ஒரு கடிதம், இரண்டு பிரதி. நாயின் அடையாளம், கண்டெடுத்த தேதி, ஒப்படைக்கும் தேதி, உடல்நிலை, நடக்கும் மருந்து, வாங்கிய தொகை, ‘இனி ஒருவர்மேல் ஒருவர் கோரிக்கை இல்லை’ என்ற வரி, ஒப்படைத்த பிறகு வேறு யாராவது உரிமை கோரினால் வாங்கிக்கொண்டவரே பொறுப்பு என்ற வரி, இரண்டு தரப்பின் கையெழுத்து, இரண்டு சாட்சி. அவர்களுடைய ஆதார் நகலை அதனோடு இணையுங்கள். ஒப்படைப்பதை வீடியோ எடுங்கள்.

அன்றைக்கே சிப் போடச் சொல்லுங்கள். அந்தக் குடும்பம் எங்கள் கண் முன்னாலேயே போட்டுக்கொண்டது. ஊசி குத்தும்போது நாய் அந்த அம்மாவின் புடவை மடிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மீதியிருந்த சத்து மாத்திரை, சீட்டு, எங்கள் வீட்டில் அது படுத்திருந்த பழைய போர்வை, மூன்றையும் கொடுத்தனுப்பினோம். பழகிய வாசனை இருந்தால் முதல் சில இரவுகள் நாய் அழாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மறுநாள் ஸ்டேஷனில் ‘நாய் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். மண்டல அலுவலகத்துக்கும் ஒரு பிரதி. நோட்டீஸ்களைக் கிழித்துவிடுங்கள், வாட்ஸ்அப் குழுக்களில் ‘கிடைத்துவிட்டது’ என்று போடுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்தும் போன் வரும். எல்லாத் தாள்களையும் ஒரே ஃபைலில் போட்டு மூன்று வருஷம் பத்திரமாக வையுங்கள்.